பொன்னுருவி நீட்டின ஆட்டுக்கால்

ஒரு ஊர்ல ஒரு பொன்னுருவி இருந்தா. சந்தை மூலையில ஆட்டுக்கால் சூப் விக்கிறவ. சரியான வாயாடி. "ம்" சொல்லு கயலு, இல்லன்னா நிறுத்திருவேன். ஆங், அப்படி.

அதே ஊர்ல வேங்கையன்னு ஒரு பயில்வான். ஒரு நாள் தொம் தொம்முனு நடந்து வந்தான். "ஏய், அடுப்பத் தூக்கு. இங்க நான் குஸ்தி கோதா போடப்போறேன்"ன்னான்.

"தூக்க மாட்டேன். இந்த அடுப்பு அணைஞ்சா என் புள்ளைங்க வயிறு காயும்"ன்னா.

அப்போ அவன் கைய மடக்கிக் காட்டினான். சதை பூசணிக்கா மாதிரி புடைச்சுக்கிச்சு. "பாத்தியா? சதைதான்டி பலம்!"

"சதை தனியா என்னத்தக் கிழிக்கும்? இந்தா, பச்சை ஆட்டுக்கால். வெறுங்கையால எலும்புலேருந்து சதைய நுனியோட உரிச்சுக் காட்டு. உரிச்சுட்டா நான் போறேன். முடியலன்னா கோதா பேச்சே எடுக்கக் கூடாது."

சந்தையே கூடிருச்சு. முதல்ல ஒரு கையால இழுத்தான். பிசுக்குனு சதை பாதியில பிஞ்சுச்சு, நுனி வரல. அப்புறம் எலும்பக் காலால மிதிச்சுக்கிட்டு ரெண்டு கையாலயும் இழுத்தான். வழுக்கித் தொபுக்கடீர்! சிரிக்காத, இன்னும் இருக்கு. மூணாவது தடவை வெறி வந்து பல்லால கடிச்சு இழுத்தான். டக்! முன்பல்லு போச்சு.

"சீ, பச்சைக் கறியையா?"

ஆமாடி, ரோஷம் வந்தா அப்படித்தான்.

அப்போ பொன்னுருவி சொன்னா, "நல்லாப் பாரு. சதை நுனியில மெலிஞ்சு வெள்ளை நாரா ஆகுது. அந்த நாரு எலும்புக்குள்ளயே வேர் விட்டிருக்கு. சதையோட ஒரு நுனி இந்த எலும்புல, இன்னொன்னு மூட்டைத் தாண்டி அடுத்த எலும்புல."

அப்புறம் ஒரு கோழிக்கால எடுத்து, வெட்டின பக்கம் நீட்டிக்கிட்டிருந்த நாரை இழுத்தா. விரலெல்லாம் கப்புனு மூடிக்கிச்சு! "சதை சுருங்கி நாரை இழுக்கும், நாரு எலும்ப இழுக்கும். நாரு அறுந்தா உன் பூசணிக்கா சும்மா தொங்கும். போய்யா!"

கயலு, உன் குதிகாலுக்கு மேல தொட்டுப் பாரு. கயிறு மாதிரி இருக்கா?

"ம்..."

அதுதான் அந்த நாரு.

மறுநாள் வேங்கையன் கன்னம் வீங்கி வந்தான். எதையும் கடிச்சுத் திங்க முடியல. "ஒரு சூப்பு குடு"ன்னு எல்லாரையும் தள்ளிக்கிட்டு முன்னால வந்தான்.

பொன்னுருவி கரண்டிய ஓங்கினா. "வரிசையில நில்லுடா!"

நின்னானே! எல்லாருக்கும் கடைசியில போய் நின்னான்.

அவ்வளவுதான் கதை. அவன் முறை வர்றதுக்குள்ள நீ தூங்கிடணும். கண்ண மூடு.