வைத்திலிங்கத்தின் டம்மிப் பாட்டு

கோடம்பாக்கத்தில் ஜெபமணி என்று ஒரு பாட்டாசிரியை இருந்தார். அவர் குடியிருந்த தெருவுக்கே அவரைத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

பாட்டுக்காகவே ஜனங்கள் ஒரே படத்தை நாலு தடவை பார்த்த காலம் அது. காதல் பாட்டும் தத்துவப் பாட்டும் பெரிய கவிஞர்களுக்குப் போகும். அவர்கள் தொடமாட்டேன் என்று தள்ளிவிடுகிற தாலாட்டு, பிறந்தநாள் பாட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் நடந்துகொண்டே பாடுகிற பாட்டு எல்லாம் ஜெபமணிக்கு வரும். பாளையங்கோட்டையில் கிறிஸ்மஸ் பாட்டு எழுதிப் பழகின கை. கல்யாணமாகி மதராஸ் வந்து பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்துகொண்டே எழுதினார். பாட்டுப் புத்தகத்தில் அவர் பெயரை 'ஜே. மணி' என்று போட்டார்கள். இசைத்தட்டில் அதுவும் இல்லை. திருவாளர் மணி அவர்களுக்கு என்று ஒரு ரசிகர், பெண் கொடுக்கத் தயார் என்று கடுதாசி எழுதியிருந்தார்.

பக்கத்து வீட்டு அம்மாள் ஜெபமணியின் தாலாட்டைப் பாடித்தான் தன் பேரனைத் தூங்கவைப்பாள். பிள்ளை தூங்கினதும் வெளியே வந்து, சாக்கடைத் தண்ணீர் தன் வாசலுக்கு வருகிறது என்று அதே ஜெபமணியோடு சண்டை போடுவாள்.

"'அது நான் எழுதின பாட்டு'ன்னு அந்தம்மாகிட்ட சொல்லுங்களேன் டீச்சர்" என்பார் வைத்திலிங்கம்.

"சொன்னா தண்ணி எங்கிட்டு ஓடும்?" என்பார் ஜெபமணி.

இந்த வைத்திலிங்கம்தான் சிஷ்யன். குருவைவிட ஆறேழு வயது மூத்தவர். ரயில்வேயில் குமாஸ்தா வேலை. பாட்டெழுத வேண்டும் என்ற ஆசை முற்றிப்போய் வேலையை விட்டார். விட்டவர் பெண்டாட்டி தையல்நாயகியிடம் சொல்லவில்லை. தினமும் அவள் கட்டிக்கொடுக்கிற சாப்பாட்டை எடுத்துக்கொண்டு ஆபீஸ் போகிற மாதிரி கிளம்பி, ஸ்டுடியோ வாசலில் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருவார். ஒருநாள் மழை பிடித்துக்கொண்டது. தையல்நாயகி குடையை எடுத்துக்கொண்டு ஆபீசுக்கே போய்விட்டாள். அங்கே இருந்தவர்கள், அவர் வேலையை விட்டு எத்தனையோ நாளாச்சே அம்மா என்றார்கள். அவள் திரும்பி வந்து குடையை மாட்டிவிட்டு, மாயவரத்தில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டை இல்லை, அழுகை இல்லை. அதுதான் வைத்திலிங்கத்துக்குப் பயமாக இருந்தது.

அன்று காலை அவர் ஜெபமணி வீட்டுக்குள் நுழையும்போது மூச்சு வாங்கியது. டீச்சர் கொசுவலையில் இருந்த ஓட்டையைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், என் மானம் போகப்போகுது."

"இருந்துட்டுப் போகட்டும். உக்காருங்க. என்ன ஆச்சு?"

ஆனது இதுதான். சினிமாவில் முதலில் மெட்டு. அப்புறம்தான் பாட்டு. பாட்டு வருகிறவரைக்கும் பாடகர் மெட்டைப் பழகிக்கொள்ள வேண்டுமே, அதற்காக வாய்க்கு வந்த சொற்களை இட்டு நிரப்பிக் கொடுப்பார்கள். அதற்கு டம்மி என்று பெயர். கத்தரிக்காய், புடலங்காய் என்றுகூட எழுதலாம். யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். பாட்டு வந்ததும் குப்பையில் போய்விடும்.

இசையமைப்பாளர் பாப்பையா, வைத்திலிங்கத்துக்கு முதல் தடவையாக ஒரு பாட்டுக் கொடுத்திருந்தார். பெண்டாட்டி பிரிந்துபோன ஒருவன் பாடுகிற பாட்டு. டம்மியை அங்கேயே நின்றபடி எழுதிக் கொடுத்துவிட்டு, அசல் பாட்டை எழுத வீட்டுக்குப் போனார் இவர். எழுதினார், அடித்தார், திருப்பி எழுதினார். அதற்குள் பாடகர் கோயம்புத்தூர் கச்சேரிக்குக் கிளம்பவேண்டி வந்தது. கிளம்புமுன் ஒரு தடவை ஒத்திகை பார்த்துவிடலாம் என்று டம்மியைப் பாடியிருக்கிறார்.

"பாடி முடிச்சதும் இன்னொரு தடவை பாடச் சொன்னாங்களாம் டீச்சர். தபேலாக்காரன் சிரிச்சிருக்கான். புல்லாங்குழல்காரர் எழுந்து வெளியில போயிட்டாராம். பாப்பையா இதுதான் பாட்டுங்கறார். நாளன்னைக்குப் பாடகர் வர்றார், அன்னைக்கே பதிவு. இதைவிட நல்லதா கொண்டுவந்தா அதைப் பாடறோம், இல்லேன்னா இதேதான்னு சொல்லிட்டார்."

"நல்லதா கொண்டுவந்தாச்சா?"

"கொண்டுவந்திருக்கேன். நீங்க பாப்பையாகிட்ட ஒரு வார்த்தை சொன்னாப் போதும். உங்க பேச்சுக்கு அவர் மரியாதை கொடுப்பார்."

ஜெபமணி ஊசியைக் கொசுவலையிலேயே குத்தி வைத்துவிட்டுக் கையை நீட்டினார். வைத்திலிங்கம் ஒரு தாளைக் கொடுத்தார்.

*ஆம்பல் விரிந்த அகல்பொய்கை நீரில்*
*அன்னம் ஒன்று துணை தேடுதே...*

டீச்சர் முழுக்கப் படித்தார். இரண்டாவது சரணத்தை இன்னொரு தடவை படித்தார். குறை சொல்லப் போகிறார் என்று வைத்திலிங்கம் தயாராக உட்கார்ந்திருந்தார்.

"நல்லா வந்திருக்கு. இந்த ரெண்டாம் சரணம் மாதிரி நான் எழுதினது கிடையாது."

வைத்திலிங்கத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. மூன்று வருஷத்தில் டீச்சர் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை.

"அப்போ பாப்பையாகிட்ட..."

"டம்மி எங்கே?"

"அது குப்பை டீச்சர்."

"குப்பையையும் பாக்கேன்."

வைத்திலிங்கம் தாளைத் தேடவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, மெட்டோடு மெதுவாகப் பாடினார்.

*எந்த டப்பாவில் எதை வச்சே, ஏண்டி சொல்லாமப் போனே?*
*உப்புன்னு நெனச்சுச் சீனியப் போட்டு ஒத்தையில் திங்கறேன் நானே.*
*பால்காரன் கேக்கறான், பக்கத்து வீட்டம்மாவும் கேக்கறா,*
*பதிலு எந்த டப்பாவில், பாத்து வச்சியா மானே?*

உள்ளே அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது.

"சீனியப் போட்டது நிஜமா?" என்றார் ஜெபமணி.

"ரசத்துல."

டீச்சர் சிரிக்கவில்லை. "தையல்நாயகியா சொல்லாமப் போனது?"

வைத்திலிங்கம் பாயின் ஓரத்தைப் பிய்த்தார். பாய் டீச்சருடையது. அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"அதனாலதான் டீச்சர் வேண்டாங்கறேன். படம் மாயவரத்துக்குப் போகாம இருக்குமா? அவ அண்ணன் சைக்கிள் கடைக்கு எதிர்த்தாப்போலயே ஒரு ஓட்டல். காலையிலேருந்து அங்க ரேடியோ அலறும். என் பேரு வேற புத்தகத்துல இருக்கும். அவ என்ன நெனைப்பா? ஊர் சிரிக்காதா? அன்னம்னு எழுதினா யாருக்கு என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாதுதான்."

"அதான் சொல்றேன். எது நல்லதுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நான் அப்படியே கேக்கறேன்."

ஜெபமணி எழுந்தார். அடுப்பை அணைத்தார். அன்னப் பாட்டுத் தாளைப் பையில் போட்டார். செருப்பை மாட்டிக்கொண்டு, "வாங்க, ரயிலைப் பிடிக்கணும்" என்றார்.

பாப்பையா வீடு ராயபுரத்தில். அங்கேதான் போகிறார் என்று வைத்திலிங்கம் நினைத்துக்கொண்டார். வழியில் ரயில்வே கேட் போட்டிருந்தது. நாலு மாட்டு வண்டி, ஒரு சினிமாக் கம்பெனி வேன், வேனுக்குள் மீசை ஒட்டின பத்துப் பதினைந்து போர்வீரர்கள். ஒரு வீரன் கடலை கொறித்துக்கொண்டே ஜெபமணியின் பழைய பிறந்தநாள் பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தான். மற்ற நாளாக இருந்தால் வைத்திலிங்கம் போய், இந்தம்மாதான் எழுதினது என்று சொல்லியிருப்பார். அன்று வாய் வரவில்லை.

கேட் திறந்ததும் போய் ரயிலில் ஏறினார்கள். எழும்பூர் வந்ததும் டீச்சர் இறங்கிவிட்டார்.

"டீச்சர், ராயபுரத்துக்கு இன்னும் போகணும்."

"எனக்குத் தெரியாதா? இறங்குங்க."

அவர் நேராகப் போய், வெளியூர் வண்டிகளுக்குச் சீட்டுக் கொடுக்கிற ஜன்னலில் நின்றார். மாயவரத்துக்கு ஒரு சீட்டு. வைத்திலிங்கம் ஓரடி பின்வாங்கினார்.

"யாருக்கு டீச்சர்?"

"எனக்கு மாயவரத்துல யாரு இருக்கா?"

"இப்பவா? இந்தச் சட்டையோடயா?"

"சட்டைக்கு என்ன? இருபது வருஷம் ரயில்வேயில உக்காந்திருந்தீங்க. மாயவரத்துக்கு வண்டி விடுதாங்கன்னு யாரும் சொல்லலையா?"

"வண்டி இருக்கு. கொஞ்ச நேரத்துல ஒரு பாசஞ்சர் இருக்கு." பழக்கம் விடுமா, சொல்லிவிட்டுத்தான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"பிறகென்ன? போயி அந்தம்மா முன்னால நின்னு, எனக்குப் பாடினதை அப்படியே பாடுங்க. கேட்டுட்டு, இது இருக்கட்டும்னு சொன்னாலும் சரி, இதை வெளியில விட்டா நான் கிணத்துல விழுவேன்னு சொன்னாலும் சரி, எனக்கு ஒரு தந்தி அடிங்க. அன்னப் பறவை இந்தப் பையில இருக்கு. வேணும்னா நானே கொண்டுபோய் பாப்பையா கையில குடுக்கேன்."

"நாளன்னைக்குப் பதிவு டீச்சர். என் முதல் பாட்டு. நான் இல்லாம எப்படி?"

"என் முதல் பாட்டைப் பதிவு பண்ணும்போது நான் ஆஸ்பத்திரியில கிடந்தேன். ரெண்டும் ஒரே நாள்ல பிறந்துச்சு. மூத்தவ கல்லூரிக்குப் போறா. பாட்டு எங்க போச்சுன்னு தெரியல."

பாசஞ்சர் வந்து நின்றது. கூட்டம் முண்டியது. யாரோ ஒரு கோழிக்கூடையை வைத்திலிங்கத்தின் முதுகில் இடித்துக்கொண்டே ஏறினார்கள். அவர் ஏறவில்லை. சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். வேலை செய்த காலத்தில் இந்த மாதிரி ஆயிரம் சீட்டு பார்த்திருப்பார். மாயவரம் என்ற எழுத்து இவ்வளவு பெரிதாகத் தெரிந்ததில்லை.

"அவ கதவைத் திறக்கலைன்னா?"

"வாசல்ல நின்னு பாடுங்க. சைக்கிள் கடைக்காரர் கேப்பாரு."

"விளையாடாதீங்க டீச்சர். ரேடியோவுல வந்தாக்கூட எவனோ எழுதினதுன்னு போயிடலாம். நேர்ல எப்படிப் பாடறது? எனக்குக் குரல் வராது."

"இப்ப வந்துச்சே."

"நீங்க டீச்சர். அவ..."

அதற்குள் கார்டு விசில் ஊதினார். வைத்திலிங்கம் கம்பியைப் பிடித்து ஏறிவிட்டார். பயத்தில் ஏறினாரா, ரயில்வேக்காரர் விசில் கேட்டால் கால் தானாக ஏறுமா, அவருக்கே தெரியவில்லை. ஜன்னலோரத்தில் இருந்தவரை நகரச்சொல்லித் தலையை வெளியே நீட்டினார்.

"டீச்சர், உங்க மனசுல இருக்கறதை மட்டும் சொல்லிடுங்க. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். ரெண்டுல எது நல்ல பாட்டு?"

வண்டி அசைந்தது. ஜெபமணி கூடவே நாலடி நடந்தார்.

"பாட்டுல கேள்வியை அந்தம்மாகிட்ட கேட்டிருக்கீங்க வைத்திலிங்கம். பதிலை மட்டும் ஊர்ல மத்த எல்லார்கிட்டயும் கேக்கீங்க."