இலை கவ்விய கூட்டம்

ஒரு காட்டில் ஒரு குளம் இருந்தது. மழை நின்று பத்து நாள்கூட ஆகவில்லை, அதற்குள் தினம் ஒரு சாண் வற்றியது. தவளைகள் குளிப்பதற்கு வரிசையில் நின்றன என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காட்டுக்குக் கரடியார் தலைவர். கூட்டத்தில் யார் எதைச் சொன்னாலும், "அருமை, அதை நீயே செய்துவிடு" என்பார். "பாதையில் முள் கிடக்கிறது" என்று போன வருஷம் வாய் திறந்த அணில், இன்னும் முள் பொறுக்கிக்கொண்டிருந்தது. அதிலிருந்து எல்லா மிருகங்களும் வாயில் ஓர் இலையைக் கவ்விக்கொண்டுதான் கூட்டத்துக்கு வரும்.

குளம் வற்றினால் மான் வேறு குளத்துக்கு ஓடிவிடும். ஆமை என்ன செய்யும்? போகிற வழியிலேயே காய்ந்துவிடும். அதனால், "இந்த ஒரு கூட்டத்தை நான் நடத்துகிறேன், ஐயா" என்று கரடியாரிடம் கெஞ்சி அனுமதி வாங்கியது.

"தண்ணீர் எங்கே போகிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சொன்னவர் தலையில் வேலை விழாது" என்றது ஆமை.

ஓர் இலைகூட அசையவில்லை.

"கரடியாரும் முதலில் இப்படித்தான் இனிக்க இனிக்கப் பேசினார்" என்று முயல், இலையின் ஓரமாக மானிடம் முணுமுணுத்தது. "இந்த ஆமையை யார் ஏவிவிட்டார்களோ."

ஆமை ஒவ்வொரு முகமாகப் பார்த்தது. பெருச்சாளி மட்டும் கீழ்க்கரையைப் பார்ப்பதும் தலையைக் குனிவதுமாக இருந்தது.

"சரி, எனக்கே தெரிந்துவிட்டது" என்றது ஆமை. "கொக்குதான் குடித்துத் தீர்க்கிறது."

கொக்கின் இலை விழுந்தது. "நானா? என் வயிற்றைப் பார். இதில் குளம் கொள்ளுமா?"

"அப்படியானால் எருமை."

"குடித்ததில் பாதியை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுகிறேனே" என்றது எருமை.

"அப்படியென்றால் மீன்கள்தான் குடிக்கின்றன."

பெருச்சாளிக்குப் பொறுக்கவில்லை. இலையைத் துப்பியது. "மீன் குளத்தைக் குடிக்குமா? கீழ்க்கரையில், நாவல் மரத்து வேருக்கு அடியில் ஓட்டை இருக்கிறது. ஒரு வாரமாகப் பார்க்கிறேன்." சொன்ன பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டது.

எல்லாம் கரடியாரைப் பார்த்தன.

"அருமை. அதை நீயே..." என்று அவர் ஆரம்பித்தார்.

அதற்குள் ஆமை குளத்தில் இறங்கி, ஓட்டையைத் தன் முதுகால் அடைத்துக்கொண்டது. ஆமைக்கு எப்படி அவ்வளவு வேகம் வந்தது என்று என்னைக் கேட்காதீர்கள்.

"சொன்னது பெருச்சாளியின் பங்கு. அடைப்பது என் பங்கு" என்றது.

சாயங்காலம்வரை முயல் கண் எடுக்காமல் பார்த்தது. யாரும் யாரையும் ஏவவில்லை. பிறகு பெருச்சாளி தானாகவே ஒரு வாய் மண் கொண்டுவந்தது. பின்னால் எருமை வந்தது. சந்தேகம் முழுதும் தீராமலே முயலும் வந்தது. இருட்டுவதற்குள் ஓட்டை அடைபட்டது. ஆமை முதுகைத் தேய்த்துக்கொண்டு கரையேறியது.

அடுத்த கூட்டத்தில் முதலில் எழுந்தது அணில்.

"அந்த முள்ளை நான் மட்டும் ஏன் பொறுக்க வேண்டும்?"

கரடியார் பக்கத்துக் கிளையிலிருந்து ஓர் இலையைப் பறித்துக் கவ்விக்கொண்டார்.

நீதி: சொன்னவர் தலையிலேயே வேலையைக் கட்டினால், உண்மை தெரிந்தவரும் வாய் திறக்க மாட்டார்.