விழாத அசுரன்

துளசிங்கம் கிரீடத்தோடேயே வந்து நின்றான். வேஷமோ சீலவர்ம மகாராசா. மூஞ்சியோ சுண்டிக் கிடந்தது.

"வாத்தியாரே, நாளையிலேர்ந்து அசுரன் வேஷம் எனக்குக் கொடுங்க. இல்லேன்னா கூத்து ஜமாவை விட்டே போயிடறேன்."

எத்திராசு வாத்தியார் மீசைக்கு மை தீட்டிக்கொண்டிருந்தார். துளசிங்கத்துக்குக் கூத்து கற்றுக்கொடுத்தவர் அவர்தான். வச்சிரகோடன் என்ற அசுரனாக ஆடுபவரும் அவர்தான்.

"ராசா வேஷத்துக்கு என்னப்பா குறைச்சல்?"

"இது என் மாமியார் ஊரு! நேத்து நான் ஆட வந்ததும் என் மச்சான் டீ குடிக்க எழுந்து போறான். நீங்க வந்ததும் ஓடி வந்து மாலை போடறான். என் பொண்டாட்டியே உங்களுக்குத்தான் விசிலடிக்கிறா!"

"நல்லாவே அடிக்கிறா."

"விளையாடாதீங்க. கதையிலே நான் ஊருக்குச் சோறு போடறவன், நீங்க ஊரைக் கொளுத்தறவர். சனம் ஏன் உங்களையே பாக்குது?"

"சண்டை முடியட்டும், சொல்றேன்."

திருவிழா நாட்களில் தினமும் சாயங்காலம் ஏரிக்கரையில் அதே சண்டைதான். ராசா கதாயுதத்தால் மூன்று அடி அடிப்பான். மூன்றாவது அடிக்கு மத்தளம் முழங்கும், அசுரன் விழுவான். இது ஊருக்கே தெரியும். இரண்டாவது அடியிலேயே சனங்கள் வீட்டுக்குக் கிளம்பச் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

அன்றைக்கும் மூன்றாவது அடி விழுந்தது. மத்தளம் முழங்கியது. அசுரன் விழவில்லை.

மத்தளக்காரர் திகைத்துப்போய் இன்னொரு தரம் முழக்கினார். அசுரன் சிரித்தான். "அவ்வளவுதானா சீலவர்மா?" கதாயுதத்தைப் பிடுங்கித் தூர எறிந்தான்.

"விழுங்க வாத்தியாரே," என்றான் துளசிங்கம், பல்லைக் கடித்துக்கொண்டு.

"விழ வை."

அசுரன் தள்ளிய தள்ளலில் கிரீடம் உருண்டது. துளசிங்கத்துக்கு அடுத்த பாட்டு என்னவென்று மறந்தே போயிற்று. மாமியார் ஊரில், அத்தனை பேர் முன்னால், ராசா மண்ணில் கிடந்தான். ஐயோ, அந்த அவமானம்! அடுத்த நிமிஷம் ஒரு கத்து கத்தினான் பாருங்கள், ஏரிக்கரையே அதிர்ந்தது. வெறுங்கையோடு பாய்ந்து அசுரனின் இடுப்பைக் கட்டிப் பிடித்தான். இருவரும் புழுதியில் புரண்டார்கள். ஒருத்தரும் செருப்பைத் தேடவில்லை.

"விடாதே ராசா!" அது மச்சானின் குரல். கூடவே ஒரு விசில். அது யாருடையது என்று அவனுக்குத் தெரியாதா என்ன!

அசுரன் ஒருவழியாகச் சாய்ந்தான்.

முட்டி தேய்ந்து ரத்தம் கசிய, கழுத்தில் மச்சான் போட்ட மாலையோடு துளசிங்கம் வாத்தியாரிடம் வந்தான். நெஞ்சு ஒரு முழம் நிமிர்ந்திருந்தது.

"ஏன் விழலே? தோத்திருந்தா என் மானம் என்ன ஆயிருக்கும்?"

வாத்தியார் மீசையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டார்.

"நான் தினமும் சாகப்போறேன்னு தெரிஞ்சேதான் நெஞ்சை நிமித்திக்கிட்டு வர்றேன். நீ ஜெயிக்கப்போறேன்னு தெரிஞ்சு வர்றே. இன்னிக்கு மட்டும்தான் உனக்கு அது தெரியலே, அதான் சனம் உன்னையே பாத்துச்சு."

துளசிங்கம் மாலையைத் தடவியபடி நின்றான். அசுரன் வேஷத்தைப் பற்றி அதற்குமேல் அவன் பேசவில்லை.

"நாளைக்கு மூணாவது அடிக்கு விழுந்துடுவீங்க இல்லே, வாத்தியாரே?"

வாத்தியார் மீசையை முறுக்கிவிட்டுக்கொண்டார்.

"தெரிஞ்சுதான் ஆகணுமா, ராசா?"