பன்னை விட்ட இசக்கியப்பன்

மடத்தில் ஏழாம் நாளாக இசக்கியப்பன் வாந்தி எடுத்தார். ஏழாம் நாளாக எல்லோரும் அவரைப் பாராட்டினார்கள்.

“கழிவெல்லாம் வெளிய போகுது அண்ணாச்சி. கொடுத்து வச்ச உடம்பு” என்றார் அடுக்களை பார்க்கும் உச்சிமாகாளி. “நானும் பத்து வருஷமா இங்க கிடக்கேன். எனக்கு ஒரு நாளாவது இப்படி வந்திருக்கா?”

வாயைத் துடைத்துக்கொண்டு இசக்கியப்பன் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. பெருமை மட்டும் வந்தது.

அவருக்கு ஐம்பத்தாறு வயது. முப்பது வருஷம் பேக்கரி நடத்தியவர். பன், ரஸ்க், வெட்டுகேக் என்று ஊருக்கே மைதாவை ஊட்டி, தானும் வேளைக்கு வேளை தின்று, உடம்பில் சர்க்கரையை ஏற்றிக்கொண்டார். போன வருஷம் இடது காலில் ஒரு விரல் போயிற்று. இப்போது பக்கத்து விரலில் புண். “சர்க்கரை இறங்கலைன்னா அடுத்தது பாதம்தான்” என்று டாக்டரம்மா சொன்ன அன்றே, கடையை மகனிடம் விட்டுவிட்டு மலையடிவாரத்து மடத்துக்கு வந்துவிட்டார்.

மடத்தின் குரு நாச்சியார் அவரைவிடப் பதினாறு வயது சின்னவர். சிஷ்யர் குருவை “அம்மா” என்பார். குரு சிஷ்யரை “அண்ணாச்சி” என்பார்.

வந்த அன்று விளக்கின் முன்னால் நின்று, மைதாவையும் சீனியையும் இனித் தொடுவதில்லை என்று சங்கல்பம் செய்தார். அதோடு நின்றிருக்கலாம். நாச்சியார் வெளியூர் போன மறுநாள், சோற்றையும் விட்டார். அதற்கு மறுநாள் உப்பையும் விட்டார். காலையில் வெறும் வயிற்றில் இரண்டு மாத்திரை மட்டும், பழைய வழக்கப்படி. மடத்தில் பந்தி பரிமாறுகிறவர் கடைசியில்தான் சாப்பிட வேண்டும். அந்த வேலையையும் கேட்டு வாங்கிக்கொண்டார். பந்தி முடிய மணி இரண்டாகும்.

அந்த ஏழாம் நாள் மதியம் நாச்சியார் ஊரிலிருந்து திரும்பி அப்போதுதான் கால் கழுவிக்கொண்டிருந்தார். உள்ளே வாளி விழும் சத்தம் கேட்டது.

கூட்டு வாளியோடு நடந்த இசக்கியப்பனுக்குக் குப்பென்று வேர்த்தது. கை நடுங்கியது. இலைகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. சுவரைப் பிடித்தபடி அப்படியே சரிந்தார்.

“யாரும் தொடாதீங்க! நிஷ்டை கூடுது!” உச்சிமாகாளி இரண்டு கைகளையும் விரித்துக் கூட்டத்தை மறித்தார்.

“நிஷ்டையா? தள்ளும்.”

நாச்சியார் குனிந்து இசக்கியப்பனின் நெற்றியைத் தொட்டார். ஜில்லென்று இருந்தது.

“அண்ணாச்சி, நான் பேசுதது கேக்கா? முழுங்க முடியுமா?”

தலை அசைந்தது.

ஒரு டம்ளர் தண்ணீரில் நாலு ஸ்பூன் சீனியைக் கலக்கி அவர் வாயருகே கொண்டுபோனார். இசக்கியப்பன் பல்லைக் கடித்தார்.

“அம்மா... சீனி... சங்கல்பம்...”

“அதை நான் வாங்கிக்கிட்டேன். வாயைத் திறவும்.”

குடித்தார். கால்மணி நேரத்தில் நடுக்கம் நின்றது. நாச்சியார் ஒரு கிண்ணம் தயிர்ச்சோறு தந்து, தின்று முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். தெம்பு வந்ததும் இசக்கியப்பனுக்குக் கோபமும் வந்தது.

“ஏழு நாள் காத்ததை ஒரு டம்ளர்ல கெடுத்துட்டீங்களே அம்மா.”

“ஆமா, கெடுத்தேன்.”

“நான் ஒண்ணு கேக்கேன். முப்பது வருஷம் பன்னும் டீயுமாத் தின்னேன். ஒரு நாள் குமட்டுச்சா? இல்ல. விட்டேன். ஏழு நாளாக் குடலைப் புரட்டுது. தப்புப் பண்ணினா தாலாட்டு, திருந்தினா அடியா? இது எந்த ஊரு நியாயம்?”

“நல்லாக் கேட்டீர்.”

“நல்லாக் கேட்டேன்லா? பதில் சொல்லுங்க. இல்லைன்னா சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்புதேன். பேக்கரிக்கே போறேன். கால் போனாப் போகட்டும்.”

“மாத்திரையைக் காட்டும்.”

மடியிலிருந்து இரண்டு அட்டைகளை எடுத்து நீட்டினார்.

“இதெல்லாம் எதுக்குக் குடுத்தது?”

“சீனியை இறக்கத்தான்.”

“குடுக்கும்போது காலையில என்ன தின்னுக்கிட்டிருந்தீர்?”

“நாலு பன்.”

“இப்பம்?”

“ஒண்ணுமில்ல.”

“திருடனைப் பிடிக்க வச்ச காவக்காரன். திருடன் ஊரை விட்டே போயிட்டான். கம்போட நிக்கவன் வெறும் வீட்டுல யாரை அடிப்பான்?”

இசக்கியப்பன் அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அப்பம் இதைத் தூரப் போட்டிருதேன்.”

“அதையும் ஒரேயடியாவா? போடுறதா வேண்டாமான்னு சொல்ல நான் யாரு? குடுத்தவங்ககிட்டக் கேப்போம்.” நாச்சியார் கிண்ணத்தை ஓரமாக நகர்த்தினார். “கடை அடுப்பை மராமத்துக்கு அணைப்பீருல்லா. எப்படி அணைப்பீர்?”

இசக்கியப்பனின் முகம் மலர்ந்தது.

“அது பெரிய வேலை அம்மா. விறகைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்கணும். பிறகு வாயை மூடிவச்சு மூணு நாள் ஆறவிடணும். அவசரப்பட்டு ஒரு வாளித் தண்ணியை ஊத்தினா, உள்ள இருக்க செங்கல் அத்தனையும் விரிஞ்சிரும்.”

“ஒருத்தரும் ஊத்தினதில்லையா?”

“என் மச்சினன் ஒருதரம் ஊத்தினான். செவுள்லயே ஒண்ணு விட்டேன்.”

சொல்லிவிட்டு, அடித்த கையைப் பார்த்தார். ஆனாலும் விட மனமில்லை.

“அது செங்கல் அம்மா. நான் மனுஷன். மனுஷனுக்கு வைராக்கியம்னு ஒண்ணு இருக்கு.”

“செங்கலுக்காக மச்சினனை அறைஞ்சவர் நீரு” என்றார் நாச்சியார்.

இசக்கியப்பன் சாயங்கால பஸ்ஸில் ஏறத்தான் செய்தார். கூடவே நாச்சியாரும் ஏறினார். டாக்டரம்மா இரண்டு பேரையும் சேர்த்தே திட்டினார். சின்ன மாத்திரையை நிறுத்தினார். பெரியதைச் சாப்பாட்டோடு மட்டும் போடச் சொன்னார். விரலில் குத்தி எப்போதெல்லாம் சர்க்கரை பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் முதல் பந்தியிலேயே இசக்கியப்பனுக்கு இலை விழுந்தது.

“பரிமாறுதவர் முதல்ல உக்காந்தா மடத்து வழக்கம் என்னாகும்?” என்றார் உச்சிமாகாளி.

“வழக்கத்தையும் பக்கத்துல உக்காரச் சொல்லும். அதுவும் பட்டினி கிடந்து இளைச்சுப்போச்சு” என்றார் நாச்சியார்.

மைதா இல்லை, சீனி இல்லை. அது அப்படியேதான் இருந்தது. ஆனால் காலையில் எழுந்ததும் உப்புப் போட்ட மோர், ஒரு துண்டு இஞ்சி. பசி வருமுன்னே ஒரு கிண்ணம் சுண்டல். மதியம் கீரையும் கூட்டும், ஒரு கைப்பிடி கைக்குத்தல் அரிசிச் சோறும். மூன்று நாள் காலையில் மட்டும் குமட்டியது. நாலாம் நாள் அதுவும் இல்லை.

“இன்னைக்காவது ஏதும்...?” என்று ஆவலோடு கேட்டார் உச்சிமாகாளி.

“இல்ல வே. நல்லாத் தூங்கினேன்.”

உச்சிமாகாளிக்கு வருத்தமாகிவிட்டது.

இரண்டு மாதம் கழித்து டாக்டரம்மா புண்ணைப் பார்த்தார். ஓரத்திலிருந்து புதுத்தோல் மூடிக்கொண்டு வந்திருந்தது. “பாதத்தை விடுங்க, இந்த விரலே தப்பிச்சிரும் போலிருக்கு” என்றார்.

இசக்கியப்பன் நேராகப் பந்திக்கு வந்து உட்கார்ந்தார். அன்று பரிமாறியது நாச்சியார். விஷயத்தைச் சொல்லிவிட்டு, மெதுவாகக் கேட்டார்.

“அம்மா, இன்னும் எத்தனை நாளைக்கு இந்த விரதம்?”

நாச்சியார் அவர் இலையில் இன்னொரு கரண்டி கீரை வைத்தார்.

“விரதமா? நீரு இப்பம்தானே அண்ணாச்சி சாப்பிடவே ஆரம்பிச்சிருக்கீர்.”