வுட் நோ, டீத் யெஸ்

நீர்க்கடம்பு மரங்கள் சூழ்ந்த ஒரு ஏரியில் மடையான் ஒன்று வேலை பார்த்து வந்தது. மடையான் என்பது வயல் மடையோரம் அசையாமல் நிற்கும் சின்னக் கொக்கு. ஏரியில் பாதிப் பேர் அதை 'மடையன்' என்றே கூப்பிட்டார்கள். அதுவும் மறுபேச்சு இல்லாமல் திரும்பிப் பார்க்கும். அவ்வளவு பயந்த சுபாவம்.

அதற்குக் கைடு உத்தியோகம். மார்கழியில் மங்கோலியாவிலிருந்து வரும் வரித்தலை வாத்துகளுக்கு ஏரியைச் சுற்றிக் காட்ட வேண்டும். அதற்கு இங்கிலீஷ் வேண்டும். மடையானுக்கு இங்கிலீஷ் தெரியாமல் இல்லை. மண்டை நிறைய இருந்தது. தொண்டைக்கு வரும்போதுதான் மீன்முள் மாதிரி சிக்கிக்கொள்ளும்.

அதனால் போன வருஷம் எது கேட்டாலும் 'யெஸ்' என்று சொல்லிச் சமாளித்தது. இங்கே பாம்பு உண்டா என்று வாத்துகள் கேட்டன. யெஸ். தண்ணீர் கசக்குமா? யெஸ். எங்களைச் சமைப்பார்களா? யெஸ். மறுநாளே பாதிக் கூட்டம் பக்கத்து ஏரிக்குக் குடிபோய்விட்டது.

ஏரி ஆபீசுக்கு மேனேஜர் கூழைக்கடா. அலகுப் பையில் ஃபைல்களோடு இரண்டு கெண்டை மீனையும் வைத்திருக்கும் கண்டிப்பான பறவை. இந்த வருஷம் முதல் கூட்டம் வரும் அன்றே மடையானைக் கூப்பிட்டது.

"இன்னிக்கும் நீ யெஸ் யெஸ்னே நின்னா, உன் வேலைக்கு நோ. மைனாவுக்குக் குடுத்துடுவேன்."

மைனாவுக்கு இங்கிலீஷ் இலக்கணம் தலைகீழ்ப் பாடம். தப்பும் தவறுமாகப் பேசி ஏரி மானத்தை வாங்குவதற்குப் பேசாமலே இருக்கலாம் என்று தினமும் மடையானுக்கு அறிவுரை சொல்லும். மடையானும் அதை நம்பியது. வேலை போனால் மறுபடி வயலில் நின்று தவளைக்குத் தவம் கிடக்க வேண்டும்.

வாத்துகள் வந்து இறங்கின. கரையோரம் கிடந்த நீளமான கட்டையில் வரிசையாக ஏறி நின்றன. வரவேற்புச் சொல்ல மடையான் அலகைத் திறந்தது. அந்த நேரம் பார்த்துக் கட்டை கண்ணைத் திறந்தது.

அது கட்டை இல்லை, முதலை!

மேனேஜரும் மைனாவும் மேலே கிளையில் உட்கார்ந்து கவனித்துக்கொண்டிருந்தார்கள். மடையான் வாத்துகளைப் பார்த்தது, முதலையைப் பார்த்தது. சொல்லியாக வேண்டும். ஆனால் எப்படி? 'திஸ் இஸ்' என்பதா, 'தட் இஸ்' என்பதா? முதலை என்ற சொல்லுக்கு முன்னால் 'ஏ' போடுவதா, 'தி' போடுவதா? நிகழ்காலமா, இறந்த காலமா? அது யோசித்து முடிப்பதற்குள் வாத்துகளே இறந்த காலம் ஆகிவிடும் போலிருந்தது.

மைனா முந்திக்கொண்டது. தொண்டையைச் செருமி, "லேடீஸ் அண்ட் ஜென்டில்மென், மே ஐ ஹேவ் யுவர் கைண்ட் அட்டென்ஷன்" என்று ஆரம்பித்தது. முன்னுரை, பொருளுரை எல்லாம் வைத்து, ஒரு தப்பு இல்லாமல், ஆபத்தை விளக்கிக்கொண்டே போனது. வாத்துகளுக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. இதுதான் வரவேற்புரை என்று நினைத்து, முதலை முதுகில் நின்றபடியே இறக்கையைத் தட்டின.

முதலை மெல்ல வாயைத் திறந்து, கடைசியில் நின்ற வாத்தின் பக்கம் திரும்பியது. மடையானுக்கு மானமும் மறந்தது, வேலையும் மறந்தது.

"வுட் நோ! டீத் யெஸ்! கோ, கோ, கோ!"

கட்டை இல்லை, பல் உண்டு, ஓடுங்கள் என்று அர்த்தம். வாத்துகளுக்கு உடனே புரிந்தது. முதலைக்கும் புரிந்துவிட்டது; ஆத்திரத்தில் படக்கென்று வாயை மூடியது. அகப்பட்டது ஒரே ஒரு வால் இறகுதான்.

'டீத்' என்பதற்கு முன்னால் 'தேர் ஆர்' வந்திருக்க வேண்டும் என்று மைனா முணுமுணுத்தது. மடையான் தலையைத் தொங்கப்போட்டது. வேலை போச்சு என்றே முடிவு கட்டிவிட்டது.

இறகு இழந்த வாத்துதான் கூட்டத்துக்குத் தலைவி. அது நேரே மடையானிடம் வந்தது.

"யூ டாக் குட். மீ அண்டர்ஸ்டாண்ட்" என்றது.

அப்புறம்தான் சங்கதி வெளியே வந்தது. மங்கோலியாக்காரிக்கும் இங்கிலீஷ் அரைகுறைதானாம். போன வருஷம் அந்த மூன்று கேள்வியைக் கேட்கவே ஒரு வாரம் மனப்பாடம் செய்ததாம். 'எங்களுக்குச் சமைப்பார்களா' என்று கேட்பதற்குப் பதில்தான் 'எங்களைச் சமைப்பார்களா' என்று கேட்டுத் தொலைத்ததாம். யெஸ் என்றதும் மறுநாள் மத்தியானம் வரை பசியோடு காத்திருந்து, சாப்பாடு வராத கோபத்தில்தான் பாதிப் பேர் கிளம்பிப் போனார்களாம்.

மேனேஜர் பையிலிருந்து ஃபைலை எடுத்து, மடையானின் வேலையை அங்கேயே நிரந்தரமாக்கியது. ஏரி வாசலுக்கு ஒரு பலகை எழுதச் சொன்னது. மைனா அழகான கையெழுத்தில் 'இங்கே இங்கிலீஷ் பேசப்படும்' என்று எழுதியது. மேனேஜர் படித்துப் பார்த்துவிட்டு, கீழே 'புரியும்படி' என்று தன் அலகாலேயே ஒரு வார்த்தை சேர்த்தது.

பிழை வருமே என்று வாய் மூடி நிற்பவரைவிட, பிழையோடு பேசத் துணிந்தவரே பிழைத்துக்கொள்வார்.