பொன்னாத்தா உட்கார்ந்து பார்த்த கார்

வரைபடத்தில் எறும்பு உட்கார்ந்தால் மறைந்துபோகிற ஓர் ஐரோப்பிய நாட்டின் காரை ரங்கதுரை கோயம்புத்தூரில் விற்றுக்கொண்டிருந்தார். மொத்தமே மூன்று மாடல்தான். சின்னதை வாங்கவே ஒரு தென்னந்தோப்பை விற்க வேண்டும். பெரியதற்குத் தோப்போடு கிணறும் போகும்.

அங்கே வாட்ச்மேன் வேலப்பன். அவர் மனைவி பொன்னாத்தா இடுப்பு ஆபரேஷன் முடிந்து அன்று வீடு திரும்ப வேண்டும். ஆட்டோவில் குலுங்கவே கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டார். முதலாளியிடம் வண்டி கேட்க வேலப்பன் வாயைத் திறப்பதற்குள் ஒரு மில் அதிபர் மனைவியோடு வந்து இறங்கினார்.

"எங்க கார் எல்லாருக்கும்தாங்க. யாரு வேணும்னாலும் உட்கார்ந்து பார்த்துட்டு வாங்கலாம்," என்று அளந்தார் ரங்கதுரை.

"எனக்குமாங்க முதலாளி?" என்றார் வேலப்பன்.

"உனக்கு எந்த மாடல்யா கட்டுப்படியாகும்?"

"அதை எங்க வீட்டுக்காரி உட்கார்ந்து பார்த்துத்தானுங்க சொல்லணும். அவளைக் கேட்காம நான் கத்தரிக்காகூட வாங்கினதில்லீங்க. ஆஸ்பத்திரி வாசல்ல காத்துட்டிருக்கா."

மில்காரர் மனைவி சிரித்துவிட்டார். "பெரிய வண்டியையே எடுங்க. அந்தம்மா சொல்றதை நானும் கேட்கணும்."

மில்காரரே ஓட்டினார். பின் சீட்டில் வேலப்பனோடு பொன்னாத்தா அலுங்காமல் வீடு வந்து சேர்ந்தாள்.

"வண்டி எப்படி?" என்று கேட்டார் வேலப்பன்.

"மெத்தையாட்டந்தான் இருக்குது. ஆனா நமக்கு வேண்டாம் மாமா. ரெண்டு சீட்டுக்கும் நடுவுல இத்தாப்பெரிய பெட்டியை வச்சிருக்கறான். உன் கையைப் பிடிக்க எட்டலையே!"

ஷோரூமுக்குத் திரும்பியதும் மில்காரர் மனைவி முதலில் கேட்டது இதைத்தான்: "நடுவில பெட்டி இல்லாத மாடல் எதுங்க?"

"சின்னதுதாங்க," என்று முனகினார் ரங்கதுரை.

அவருக்குத் தோப்பு மட்டும் கிடைத்தது. கிணறு தப்பிவிட்டது.