வெள்ளைக் கயிறு மூட்டை

குழந்தைவேலு பஞ்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஐம்பத்தொன்பது வயதில் கோழி வளர்ப்பு கற்றுக்கொள்ள, பல்லடத்துக்குத் தெற்கே பண்ணை வைத்திருக்கும் கோகிலவாணியிடம் போய்ச் சேர்ந்தார். குருவுக்கு வயது முப்பத்தாறு.

காய்கறிக் கழிவில் புழு வளர்த்து, காயவைத்து, அரைத்துத் தூளாக்குவது மட்டும் குழந்தைவேலு தானாகப் பழகியது. ஊரில் 'புழுக்காரர்' என்றார்கள். தீவனத்தில் சோயாவைக் குறைத்து அந்தத் தூளைச் சேர்த்தால் கறிக்கோழி நன்றாக எடை பிடிக்கும் என்று ஒரு வருடமாக நச்சரித்துக்கொண்டிருந்தார். பெரிய ஷெட்டின் மூவாயிரம் கோழியும் தன் புழுவைத் தின்ன வேண்டும். வேறு ஆசை இல்லை.

"முதல்ல நூறு குஞ்சுல பார்ப்பமுங்கண்ணா" என்றார் கோகிலவாணி.

ஷெட்டின் மூலையில் வலை கட்டி இரண்டு தடுப்பு. கிழக்கே ஐம்பது, மேற்கே ஐம்பது. தீவனத்தைக் கோகிலவாணியே கலந்து மூட்டை கட்டித் தந்தார். சிவப்புக் கயிறு கிழக்குக்கு, வெள்ளைக் கயிறு மேற்குக்கு. போட்டு வளர்ப்பது குழந்தைவேலுவின் பொறுப்பு.

முப்பத்தைந்தாம் நாள் எடை போட்டார்கள். மேற்கே சராசரி ஒரு கிலோ தொள்ளாயிரம். கிழக்கே இரண்டு கிலோ நூறு.

குழந்தைவேலுவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"இருநூறு கிராமுங்க அம்மணி! இனியாச்சு என்ற புழுவை நம்புவீங்களா?"

கோகிலவாணி மேற்குத் தடுப்பின் மூட்டையை இழுத்தார். வெள்ளைக் கயிற்றை அவிழ்த்து, ஒரு கை அள்ளி, அவர் மூக்கருகே நீட்டினார்.

எத்தனை துவைத்தும் அவர் வேட்டியை விட்டுப் போகாத வாசம்.

"இதுலயும் என்ற புழுவுங்களா?"

"ரெண்டுலயும் ஒரே அளவுங்க. சிவப்புல மட்டுந்தான் புழுன்னு நான் எப்பச் சொன்னேன்?"

குழந்தைவேலு இரண்டு மூட்டையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கிழக்குல தண்ணி எத்தனை தடவை மாத்துனீங்க?"

"மூணுங்க."

"மேற்குல?"

"காத்தால ஒருக்கா."

"வெயிலுக்கு நனைச்சுக் கட்டறதுக்கு, தடுப்புக்கு ஒண்ணுன்னு ரெண்டு சாக்குக் குடுத்தனே?"

அவர் ஷெட்டின் கூரையைப் பார்த்தார்.

"ரெண்டையும் கிழக்குலயே கட்டீட்டனுங்க."

கோகிலவாணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குழந்தைவேலு சிரிக்கவில்லை.

"அப்ப என்ற புழு தோத்துப்போச்சுங்களா?"

"அட, இல்லீங்கண்ணா. பெரிய ஷெட்டுல சோயாத் தீவனம் மட்டும் தின்ன கோழியும் முப்பத்தஞ்சு நாள்ல ஒண்ணு தொள்ளாயிரந்தான். உங்க மேற்குக் கோழி அதுக்குச் சமமா நிக்குது. அடுத்த குஞ்சு இறங்கட்டும், மூவாயிரத்துக்கும் உங்க தூளையே போடலாம்."

கேட்க ஒரு வருடம் காத்திருந்த சொல். ஆனாலும் அவர் நகரவில்லை. கிழக்குத் தடுப்பில் ஒரு கோழி அவரைப் பார்த்து எழுந்து வந்து வலையோரம் நின்றது.

"அந்த இருநூறு கிராமுங்க அம்மணி? அதை எப்படி மூவாயிரத்துக்கும் குடுக்கறது?"

"அதைத்தானுங்கண்ணா எனக்கு மூட்டையில கட்டத் தெரியலை."